தட்டு மாறியது, ஈரல் கொழுத்தது

குடிக்காதவர்களின் ஈரலில் கொழுப்பு படியும் நோய்க்குத் திண்டுக்கல் சமவெளியில் வேர் தேடினால், அது மருத்துவமனையைவிட வயற்காட்டில்தான் கிடைக்கும். சேவுகம்பட்டி போன்ற நிலக்கோட்டை வட்டார ஊர்களில் மானாவாரிக் காடுகளில் கம்பும் சோளமும் விளைந்த காலத்தில், நெல்லுச்சோறு பொங்கலுக்கும் விருந்தாளிக்கும்தான். மற்ற நாளெல்லாம் கூழும் களியும். கமலை இறைப்பு, களையெடுப்பு, தலைச்சுமை என்று தின்றதை உடம்பு அன்றன்றே செலவழித்தது. இதைப் பொற்காலம் என்றுவிட முடியாது. அரைவயிற்றுக் கஞ்சியும் அந்தக் காலத்து உணவுதான்.

பம்புசெட்டும், 1966இல் வெளியான ஐ.ஆர்.8 போன்ற நெல் ரகங்களும், ரேஷன் கடையும் அரிசியை அன்றாடச் சோறாக்கின. 2011 ஜூனில் ரேஷன் அரிசி விலையில்லா அரிசியானது. பசி தீர்ந்தது, பெரிய காரியம். ஆனால் டிராக்டரும் பைக்கும் வந்து உழைப்பு சுருங்கிய பிறகும் சோற்றின் அளவு சுருங்கவில்லை. நடுவே சர்க்கரை டீயும் வடையும் சேர்ந்தன. சேவுகம்பட்டி சோலைமலை அழகர்பெருமாள் கோயிலில் தை மாதம் கூடை கூடையாகச் சூறைவிடும் வாழைப்பழத்தின்மேல் பழிபோட இடமில்லை. ஈரலைக் கெடுப்பது ஒரு நாள் இனிப்பல்ல, நாள்தோறும் மிஞ்சுவது.

மிஞ்சிய மாவுச்சத்தை ஈரல் கொழுப்பாக மாற்றுகிறது. தொப்பை பெருத்து, உடம்பு இன்சுலினுக்கு மசியாமல் போகும்போது, உடலில் சேர்ந்த கொழுப்பும் கரைந்து ரத்தத்தின் வழியே ஈரலுக்கு வருகிறது. அங்கே படிவதில் பெரும்பங்கு இதுவே. ஈரல் செல்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கொழுப்பு தங்கினால் நோய் என்று கணக்கு. வலி இருக்காது. வேறெதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது பக்கத்துச் சிறுநீரகத்தைவிட ஈரல் வெளுத்துத் தெரியும். ரிப்போர்ட்டில் ‘பேட்டி லிவர், கிரேடு 1’ என்று வரும். “நான் குடிக்கவே மாட்டேனே” என்பார் நோயாளி.

மருத்துவர்களும் ஒரு காலத்தில் இப்படித் திகைத்தவர்களே. 1980இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யூர்கன் லுட்விக் குழுவினர், குடிக்காத 20 பேரின் ஈரல் திசுவில் குடிகாரர்களுக்கு உரிய அதே சேதத்தைக் கண்டு எழுதினார்கள். சென்னையில் 541 பேரைச் சோதித்து 2009இல் வெளியான ஆய்வில் 32 சதவீதத்தினருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் பாதிக்கு மேல். பார்வைக்கு ஒல்லியானவர்களும் தப்புவதில்லை.

பெரும்பாலோருக்கு நோய் கொழுப்போடு நின்றுவிடும். சிலருக்குச் செல்கள் உப்பி அழற்சி உண்டாகிறது. அது ஆறும்போது நார்த்தழும்பு விழுகிறது. தழும்பு ஒரு படி ஏற, வெறும் கொழுப்பு நிலையில் சராசரியாக 14 ஆண்டும், அழற்சி இருந்தால் 7 ஆண்டும் ஆகின்றன. நான்காம் படி ஈரல் சுருக்கம். வயிற்றில் நீர் கோர்ப்பதும் ரத்த வாந்தியும் அதன் பிறகுதான். புற்றுநோய் சிலருக்கு அதற்கு முன்பே வந்துவிடுவதும் உண்டு. ஆனாலும் இந்த நோயாளிகளின் உயிரை அதிகம் பறிப்பது இதய, ரத்தக்குழாய் நோய்கள்.

உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சி தணிகிறது. 10 சதவீதம் குறைத்தவர்களில் பலருக்குத் தழும்பும் ஒரு படி இறங்குகிறது. 2021இல் மத்திய அரசு, சர்க்கரை, இதய நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் இந்த நோயையும் சேர்த்தது.