போய்ச் சேர்ந்த ஊரின் ஏடுகள்

1657-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள நன்னம்பிக்கை முனையில் ஒரு டச்சுக் கப்பல் நங்கூரமிட்டது. அதிலிருந்து இறக்கப்பட்டவர்களில் காட்ரெய்ன் என்ற அடிமைப் பெண் ஒருவர். பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், தன்னோடு பழகிய ஓர் ஆணைக் கொன்ற வழக்கில் முந்தைய ஆண்டு தண்டனை பெற்று, நாடுகடத்தப்பட்டு வந்தவர். அடிமைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆகவே டச்சு எழுத்தர்கள் அவர்கள் பிறந்த ஊரையே பெயரோடு ஒட்டி எழுதினார்கள். இந்தப் பெண்ணுக்கு அவர்கள் எழுதிய பெயர் 'காட்ரெய்ன் வான் பாலியகட்டா'. பாலியகட்டா என்பது நம் பொன்னேரி வட்டத்துப் பழவேற்காடு.

அவருக்கும் ஹைடெல்பர்க்கிலிருந்து வந்த ஒரு படைவீரருக்கும் பிறந்த கிறிஸ்டோஃபல் என்ற மகன் 1669 மார்ச்சில் முனையின் சீர்திருத்தத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றான். தென்னாப்பிரிக்காவில் இன்று பல்லாயிரக்கணக்கில் பரவியிருக்கும் ஸ்நைமன் என்ற வெள்ளையர் குடும்பத்துக்கு மூதாதை அவன்தான். அவனுடைய தாய் சோழமண்டலக் கரையில் பிறந்தவர் என்பதை அந்தக் குடும்பங்கள் தெரிந்துகொண்டது இரண்டு ஏடுகளால். ஒன்று பத்தேவியாவின் நீதிமன்ற ஆவணம், மற்றது முனையின் திருமுழுக்கு ஏடு. ஒன்று அரசு எழுதியது, ஒன்று திருச்சபை எழுதியது. இரண்டுமே அவர் போய்ச் சேர்ந்த ஊர்களில் எழுதப்பட்டவை.

நம் வட்டாரத்து முன்னோரைத் தேட விரும்புகிறவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய செய்தி இதுதான். புறப்பட்ட ஊர், போகிறவனைப் பற்றி எழுதி வைப்பதில்லை. போய்ச் சேர்ந்த ஊர்தான் அவன் பெயர் என்ன, தகப்பன் யார், எங்கிருந்து வந்தான் என்று கேட்டு எழுதுகிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். பல பத்தாண்டுகள் சோழமண்டலத்துக்கான அவர்களது தலைமையிடம் அதுதான். பஞ்ச காலங்களில் ஆயிரக்கணக்கான மக்கள் அங்கிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களை ஏற்றி அனுப்பியவர்களின் கல்லறைகள் இன்றும் பழவேற்காட்டில், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கின்றன. நுழைவாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகளைச் செதுக்கி, உள்ளே ஒவ்வொரு கல்லிலும் பெயரையும் பிறந்த இறந்த நாள்களையும் அழகாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏற்றப்பட்டவர்களின் பெயருக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. அவர்களைப் பத்தேவியாவிலும் முனையிலும்தான் தேட வேண்டியிருக்கிறது.

முன்னோரைத் தேடும் கலையில் உலகுக்கே ஆசான்கள் என்றால் அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்தவர்களின் வழித்தோன்றல்களைத்தான் சொல்ல வேண்டும். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேருக்குக் குறையாமல் கடல் கடந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஊரைத் தேடித் திரும்பியபோது ஒரு பேரிழப்பைச் சந்தித்தார்கள். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின்போது, டப்ளின் நகரின் பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கேடுகளில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அரசுச் சட்டப்படி பத்திரமாக இருக்கட்டும் என்று அங்கே கொண்டுவந்து ஒப்படைக்கப்பட்டிருந்த புராட்டஸ்டண்ட் பங்குகளின் ஏடுகளில் ஏராளமானவை எரிந்தன. கத்தோலிக்கப் பங்குகளின் ஏடுகளோ தப்பின. அவை டப்ளினுக்கு வரவேயில்லை. அந்தந்த ஊர்க் கோயிலிலேயே பங்குத் தந்தையின் பெட்டியில் கிடந்தன. பின்னாளில் தேசிய நூலகம் அவற்றைப் படச்சுருளில் எடுத்து, 2015-இல் எவரும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் வைத்தது. 2022-இல், எரிந்துபோன காப்பகத்தின் ஆவணங்களுக்கு வேறு நாடுகளிலும் வேறு நிறுவனங்களிலும் இருந்த நகல்களைத் திரட்டி, ஒரு மெய்நிகர் காப்பகத்தையே எழுப்பிவிட்டார்கள். ஒரே இடத்தில் குவித்தது அழிந்தது, பல இடங்களில் இருந்தது பிழைத்தது. இதை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

அந்த ஐரிஷ் மக்கள் சென்னைக்கும் வந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளைப் படையில் ஐரிஷ்காரர்கள் மிகுதி. கம்பெனியின் சென்னை ஃபியூசிலியர் படையே 1881-இல் அரசுப் படையான டப்ளின் ஃபியூசிலியரின் முதல் பிரிவாக மாறியது. 1835-இல் சென்னைக்கு வந்த டேனியல் ஓகானர் தொடங்கி, 1911-இல் மறைந்த பேராயர் ஜோசப் கோல்கன் வரை, சென்னைக் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் ஆயர்கள் அயர்லாந்தினரே. பிரசன்டேஷன் சபைக் கன்னியர் 1842-இல் அங்கிருந்து வந்துதான் இங்கே பள்ளி தொடங்கினார்கள். ராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடு வரை 1856-இல் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, இந்தப் படைவீரர்களின் பிள்ளைகளில் பலர் ரயில்வே வேலைக்கு வந்தார்கள். இன்று ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் வாழும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல, தங்கள் வேரைத் தேடிச் சென்னையின் திருமுழுக்கு ஏடுகளுக்குத்தான் வந்து சேர்கின்றன. சென்னை மாகாணத்து வெள்ளையர் தேவாலயங்களில் நடந்த திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பில் இருக்கின்றன. இங்கே மூல ஏடு கரையான் அரித்துப் போயிருந்தாலும் அங்கே நகல் கிடைக்கும்.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல், நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தார்கள். 1911-இல் அந்த முறை நின்றபோது போயிருந்தவர்கள் மொத்தம் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையிலிருந்து கப்பலேறியவர்கள்.

இப்படிப் போனவர்களைப் பதிந்த கப்பல் பட்டியலில் ஒரு வரியைக் கூர்ந்து பார்த்தால் எவ்வளவு விவரம் அதில் அடங்கியிருக்கிறது என்பது விளங்கும். முதலில் ஓர் எண். தோட்டத்தில், மருத்துவமனையில், நீதிமன்றத்தில், மரணச் சான்றில் எல்லாம் அந்த ஆளைத் தொடர்ந்து வருவது அந்த எண்தான். பெயர் எத்தனை விதமாகத் திரிந்தாலும் எண் மாறாது. அடுத்துப் பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி. அதற்கு அடுத்து ஜில்லா, தாணா, கிராமம். கடைசியில் உடல் அடையாளம்: நெற்றியில் தழும்பு, இடது முழங்கையில் மச்சம் என்பது போல. ஆளை மாற்றி அனுப்பிவிடாமல் இருக்க எழுதியது அது. தன் கொள்ளுப்பாட்டியின் புகைப்படம்கூட இல்லாத ஒரு டர்பன் குடும்பத்துக்கு, அவளுடைய உடலைப் பற்றி எஞ்சியிருக்கும் ஒரே செய்தி அந்தத் தழும்பாக இருக்கலாம்.

ஜில்லாக் கட்டத்தில் 'செங்கல்பட்டு' என்று இருந்தால் அவர் நம் பக்கத்துக்காரர் என்று கொள்ள இடமுண்டு. ஆனால் அங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். பழைய ஆங்கில ஆவணங்களில் நம் திருவள்ளூரை 'ட்ரிவெல்லூர்' என்று எழுதினார்கள். தஞ்சை ஜில்லாத் திருவாரூரையும் ஏறக்குறைய அதே ஒலியில் எழுதியிருக்கிறார்கள். கிராமப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள் இருநூறு மைல் தள்ளிப்போய் நிற்பார்கள். ஜில்லாக் கட்டத்தைப் பார்க்காமல் ஒரு முடிவுக்கும் வரக் கூடாது.

எல்லைகளும் நகர்ந்திருக்கின்றன. திருத்தணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1911 வரை வட ஆற்காடு ஜில்லா, பிறகு சித்தூர் ஜில்லா, எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960-இல் தமிழகத்துக்கு மீண்டு செங்கல்பட்டு மாவட்டம், 1997-இல் புதிதாகப் பிறந்த திருவள்ளூர் மாவட்டம். கப்பல் பட்டியலில் 'வட ஆற்காடு, திருத்தணி' என்று கண்டு வேலூரில் போய் விசாரிக்கிறவருக்கு விடை கிடைக்காது.

சாதிக் கட்டத்தில் சிலருக்குக் 'கிறிஸ்தவர்' என்று மட்டும் எழுதியிருக்கும். 'ட்ரூரோ' பட்டியலிலேயே அப்படிப் பலர் உண்டு. வரலாற்றாசிரியர் ஜாய் பிரெய்ன் நேட்டாலின் இந்தியக் கிறிஸ்தவர்களைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் புறப்பட்ட ஊரிலும் ஓர் ஏடு இருக்க வாய்ப்பு உண்டு, அது திருமுழுக்கு ஏடு. கத்தோலிக்க ஏட்டில் குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானத்தாய் தந்தையர், குருவின் கையொப்பம் எல்லாம் லத்தீனில் இருக்கும். கப்பல் பட்டியலில் 'ராயப்பன்' என்று கண்டவர் இங்கே 'பெத்ருஸ்' என்பதன் கீழ்த் தேட வேண்டும். சின்னப்பன் 'பவுலுஸ்' ஆகவும், அருளப்பன் 'யோவான்னெஸ்' ஆகவும் இருப்பார்கள். காந்தியடிகளோடு டிரான்ஸ்வாலில் சிறை சென்ற வழக்கறிஞர் ஜோசப் ராயப்பன் நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகளின் மகனாகப் பிறந்தவர். அந்தக் குடும்பப் பெயரைத் தாங்கியவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

எந்தக் கோயிலின் ஏடு என்பதிலும் ஒரு சிக்கல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை வட்டாரத்தில் கத்தோலிக்க ஆட்சி இரண்டாகப் பிரிந்திருந்தது. 1606-இல் தோன்றிய மயிலை மறைமாவட்டம் போர்ச்சுகல் அரசின் ஆதரவில் இயங்கியது. ஐரிஷ் ஆயர்களின் சென்னை ஆட்சி ரோமாபுரியின் நேரடிப் பொறுப்பில் இருந்தது. அடுத்தடுத்த இரண்டு தெருக்களின் கோயில்கள் வெவ்வேறு ஆயருக்குக் கீழ்ப்பட்டிருந்ததுண்டு. 1952-இல்தான் இரண்டும் சென்னை மயிலை உயர்மறைமாவட்டமாக இணைந்தன. ஒரு தரப்பில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் மறு தரப்பில் தேடாமல் விடக் கூடாது.

கிறிஸ்தவரல்லாத பெரும்பான்மையினருக்கு என்ன வழி? அரசு ஏடுகள்தான். இங்கே பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சென்னை மாகாணச் சட்டம் வந்தது 1899-இல். கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே பிறந்தவர்கள். ஆகவே ஆளைத் தேடுவதை விட ஊரைத் தேடுவதே பலன் தரும். அதற்கு நம் பகுதிக்கு வாய்த்தது போன்ற கருவூலம் வேறு எங்கும் அரிது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர், கம்பெனிக்காகச் செங்கல்பட்டுச் சீமையின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஒவ்வோர் ஊரிலும் எத்தனை வீடு, எந்தத் தொழில் செய்வோர் எத்தனை பேர், எவ்வளவு நஞ்சை புஞ்சை, ஏரி எத்தனை, யாருக்கு என்ன மானியம் என்பதெல்லாம் அதில் உண்டு. அதற்கு அடிப்படையான கணக்கர் ஓலைகளின் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. டர்பனிலிருந்தோ மொரிஷியஸிலிருந்தோ ஊர்ப் பெயரோடு வருகிற ஒருவருக்கு, அவருடைய பாட்டன் புறப்படுவதற்கு நூறாண்டுக்கு முன் அந்த ஊர் எப்படி இருந்தது என்று காட்ட நம்மால் முடியும். அயர்லாந்துக்காரருக்கு அந்த நூற்றாண்டில் இப்படி ஒரு கணக்கு கிடையாது.

ஆனால் ஊர் இருக்க வேண்டுமே! தொழிற்பேட்டைகளும் துறைமுகங்களும் நீர்த்தேக்கமும் வந்தபின் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களின் தரையே மாறியிருக்கிறது. காட்டுப்பள்ளியில் துறைமுகத்துக்காகக் குடியிருப்பே இடம் பெயர்ந்தது. தேர்வாய் கண்டிகையில் மேய்ச்சல் நிலம் சிப்காட் வளாகமானது. பக்கத்தில் 2020-இல் புதிய நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. 1980-இல் பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது ஊர்க் கணக்குகள் கைமாறின. அவற்றில் எஞ்சியவை, பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள், கோயில் வரிக் கணக்குகள், பங்குகளின் ஏடுகள் எல்லாவற்றையும் நல்ல படமெடுத்து, ஒரு நகலை ஊரிலும் ஒரு நகலை மாவட்டத்துக்கு வெளியிலும் வைக்க வேண்டும் என்று இம்மலரைப் படிக்கும் ஊர்ப் பெரியவர்களையும் பங்குத் தந்தையரையும் தலைமையாசிரியர்களையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். டப்ளினுக்கு நேர்ந்தது நமக்கு நேர ஒரு மழைக்காலம் போதும்.

இந்தத் தேடல் ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு அன்று. மொரிஷியஸில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்திலிருந்து முன்னோரின் குடியேற்றப் பதிவை நகல் எடுப்பவர்கள், அதை வைத்து இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமக்கள் அட்டைக்கு விண்ணப்பிக்கிறார்கள். 2024 மார்ச்சில் அந்த உரிமை ஏழாம் தலைமுறை வரை நீட்டப்பட்டது. நமக்கு மிக அருகிலேயே இன்னொரு கூட்டம் இருக்கிறது. தமிழக முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழரில் மலையகத்தாரும் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களின் முன்னோர் தேயிலைக்கும் காப்பிக்கும் இங்கிருந்து போனவர்கள். 1964-இன் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்பதாகச் சொன்ன மக்களின் பிள்ளைகள் அவர்கள். குடியுரிமை கேட்டு அவர்கள் நீதிமன்றம் போனபோது, 2019-இல் மதுரைக் கிளையில் அவர்கள் கோரிக்கையைப் பரிவோடு பரிசீலிக்கும்படி தீர்ப்பு வந்தது. பாட்டனின் ஊர் இதுதான் என்று காட்டும் ஒரு தோட்டத் துண்டுச்சீட்டோ திருமுழுக்குச் சான்றோ அவர்கள் கையில் இருந்தால் அதன் மதிப்பு சொல்லி முடியாது. கும்மிடிப்பூண்டி முகாம் தமிழகத்தின் பெரிய முகாம்களில் ஒன்று.

கும்மிடிப்பூண்டி இப்போது புறப்படும் ஊர் மட்டுமல்ல, வந்து சேரும் ஊரும்கூட. சிப்காட் ஆலைகளில் ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அசாம் ஊர்களிலிருந்து வந்தவர்கள் உழைக்கிறார்கள். அவர்களின் குழந்தைகள் நம் அரசு மருத்துவமனைகளில் பிறக்கின்றன. கப்பல் பட்டியலை எழுதியவர் அன்று செய்த வேலையை இன்று செய்கிறவர்கள் நம் பிறப்புப் பதிவாளர்கள். படிவத்தில் பெற்றோரின் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'ஒடிசா' என்று மட்டும் எழுதிவிட்டு நகராமல், கிராமம், வட்டாரம், மாவட்டம் மூன்றையும் பெற்றோர் வாயாலேயே கேட்டு, அவர்கள் அடையாள அட்டையோடு ஒத்துப் பார்த்து எழுதுங்கள். தகப்பன் பெயரோடு தாயின் பெயரையும் முழுதாக எழுதுங்கள். ஆலை ஒப்பந்தக்காரர்களும் தொழிலாளர் பதிவேட்டில் இதே மூன்றையும் நிரப்ப வேண்டும். 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டமே ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படத்தோடு கையேடு தர வேண்டும் என்று சொன்னது. இன்னும் நூறாண்டு கழித்து கஞ்சம் மாவட்டத்திலிருந்து யாரேனும் கும்மிடிப்பூண்டிக்கு வந்து தன் கொள்ளுப்பாட்டனைக் கேட்டால், அந்தக் கட்டத்தைத்தான் திறந்து பார்ப்பார்.