தன்கை மின்வேலை (களமருதூர் வட்டாரம்)

உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடாமல் வீட்டுக்காரரோ, 'கொஞ்சம் தெரிந்த' பக்கத்து வீட்டுப் பையனோ செய்யும் வயரிங் வேலை. களமருதூர், 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் ஊர். அதற்கு முன் விழுப்புரம் மாவட்டம்.

சென்னை மாகாண அரசு மின்சாரத்துக்கென்று தனித் துறை அமைத்தது 1927இல். 1930களில் பைக்காரா, மேட்டூர் நீர்மின் நிலையங்கள் ஓடத் தொடங்கின. மின்வாரியம் 1957 ஜூலை 1 அன்று பிறந்தது. அக்கால வயரிங்கில் பல வகை உண்டு. பீங்கான் கவ்விகளில் கம்பியைத் தொங்கவிடும் கிளீட் வயரிங் தற்காலிகக் கொட்டகைகளுக்கானது. மரச்சட்டத்தில் இரண்டு பள்ளம் வெட்டி, கம்பியைப் புதைத்து, மேலே மூடிப்பட்டை அடிப்பது கேசிங் வயரிங். நல்ல தச்சர் இல்லாமல் அது நடக்காது. தேக்கு ரீப்பரில் தகரக் கிளிப் அடித்து வயரை ஓட்டும் பேட்டன் வயரிங் பழைய ஓட்டு வீடுகளில் இன்றும் கண்ணில் படும். மெத்தை வீடு பெருகியபின் சுவருக்குள் குழாய் புதைக்கும் முறை வந்தது. வேலை கண்ணுக்கு மறைந்தது. தவறும் கூடவே மறைந்தது.

1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆம் விதி, பல்பு, மின்விசிறி, பியூஸ், சுவிட்சு போன்றவற்றை அதே திறனில் மாற்றுவதை மட்டும் யாருக்கும் அனுமதித்தது. மற்ற வேலைக்கு உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வேண்டும். 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் இதையே தொடர்ந்தன.

தன்கை வேலையில் மிகக் கொடியது சுவிட்சை நியூட்ரலில் போடுவது. சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும். ஹோல்டரில் பேஸ் அப்படியே நிற்கும். அணைந்துவிட்டதே என்று நம்பிப் பல்பைக் கழற்றுபவரின் விரல் நேரே 230 வோல்ட்டில் படும். ஈர உடம்பின் தடை ஏறக்குறைய 1,000 ஓம். அதன் வழியே 200 மில்லி ஆம்பியருக்கு மேல் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் பாதியே போதும்.

அடுத்தது பியூஸ் கட்டை. 5 ஆம்பியர் கம்பி அடிக்கடி 'போகிறது' என்று வயரிலிருந்து மூன்று நான்கு செப்பு இழைகளை உருவி முறுக்கிக் கட்டுவார்கள். பிறகு பியூஸ் போகாது, சுவருக்குள் வயர்தான் வேகும். அலுமினியத்தையும் செம்பையும் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய ஜாயின்ட்டும் இப்படித்தான் சூடேறும். கிரைண்டர் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டிவிட்டு இரண்டு துளை பிளக்பாயின்ட்டில் செருகுவது மூன்றாவது. உள்ளே பேஸ் கசிந்தால் ஈரத்தரையில் நிற்கிறவரே எர்த் ஆகிறார்.

2011 செப்டம்பர் 15 முதல் அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கியது. ஒரு விளக்குக்காகப் போட்ட வயரில் மூன்று சாதனம் ஏறின. விபத்து நடந்தால் பழி வாரியத்தின் மேல் விழுகிறது. ஆனால் மீட்டருக்கு வீட்டுப் பக்கம் உள்ள வயரிங் வீட்டுக்காரரின் பொறுப்பே.

30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி கருவி இப்போது கடைகளில் கிடைக்கிறது. மின் புகார்களுக்கான மின்னகம் எண் 94987 94987.