வாட்ஸ் ஆப்பரா, டாக்?

வார்னர் பிரதர்ஸ் 1957இல் வெளியிட்ட, ஏறக்குறைய 7 நிமிட அமெரிக்கக் கார்ட்டூன். இயக்கம் சக் ஜோன்ஸ். கதை மைக்கேல் மால்டீஸ். வேட்டைக்காரர் எல்மர் ஃபட், முயல் பக்ஸ் பன்னியைத் துரத்தும் வழக்கமான கதைதான். ஆனால் இங்கே துரத்தல் முழுவதும் ரிச்சர்ட் வாக்னரின் ஆப்பரா இசையில் நடக்கிறது. தலைக்கவசம் அணிந்த எல்மர், ‘வால்கிரிகளின் சவாரி’ என்ற புகழ்பெற்ற இசைக்கு முயலைக் கொல்லப்போவதாகப் பாடுகிறார். பொன்னிறப் பின்னலும் மார்புக் கவசமுமாகப் பெண்வேடமிட்ட பக்ஸ், பெருத்துக் கொழுத்த குதிரைமேல் அமர்ந்து வருகிறது, எல்மர் சொக்கிப்போகிறார். குழந்தைகள் இந்த மாறுவேடத்துக்கே விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆப்பரா நாயகி பிரூன்ஹில்டேயை அறிந்தவர்களுக்கோ வாக்னரின் பிரம்மாண்டமே கேலிக்குள்ளாவது புரியும். காதல் நடனத்தில் பாலேயும் நையாண்டியாகிறது.

பெரியவர்களுக்கான இந்த நகைச்சுவை சிறுவர் படத்தில் திருட்டுத்தனமாகப் புகுத்தப்பட்டதன்று. இவ்வகைக் குறும்படங்கள் திரையரங்குகளில் எல்லா வயதினருக்கும் காட்டப்பட்டவை. பின்னாளில் தொலைக்காட்சிதான் இவற்றைச் சிறுவர் நிகழ்ச்சியாக்கியது. கதையின் முடிவில் முயல் இறந்துகிடப்பதுபோல் தெரிகிறது, எல்மர் அழுகிறார். அப்போது முயல் தலைதூக்கி, ஆப்பராவில் வேறென்ன முடிவை எதிர்பார்த்தீர்கள் என்று பார்வையாளரையே கேட்கிறது. இந்தக் கார்ட்டூன் 1992இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. முற்றிலும் தகுதியான மரியாதை.