ஊதாரி: ஒரு சொல்லும் அதன் தீர்ப்பும்

முன்னுரை

அளவிறந்த செலவைக் குறிக்க இன்றைய தமிழில் ஆடம்பரம், ஊதாரித்தனம் என்னும் இரு சொற்கள் பெருவழக்காக உள்ளன. இவை ஒருபொருட் பன்மொழி போலத் தோன்றினும் வழக்கில் வேறுபடுவன. அவ்வேறுபாட்டையும், ஒருவரை ஊதாரி எனச் சுட்டுவதில் அடங்கியுள்ள தீர்ப்பையும் தக்காண உழவர் கலக வரலாற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்பொருள்

ஆடம்பரம் வடசொல். அம்மொழியின் பழைய வழக்கில் அது ஒருவகை முரசைக் குறித்தது. பேரொலி, பகட்டு என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. முரசுக்குக் கேட்போர் வேண்டும். ஆடம்பரத்திற்குக் காண்போர் வேண்டும். ஊதாரிக்கு அவர்கள் வேண்டியதில்லை; வரவு நோக்காது கைப்பொருளை அழிப்பவனே ஊதாரி. மராத்தியில் இப்பொருள் தரும் ‘உதளா’ என்னும் சொல், வாரி இறைத்தலைக் குறிக்கும் வினையோடு தொடர்புடையது.

செல்வர் இல்லத் திருமணத்தை ‘ஆடம்பரத் திருமணம்’ என்கிறோம். கடன்பட்டு மகளுக்கு மணம் முடித்த உழவரையோ ஊதாரி என்கிறோம். முன்னதில் கண்டனத்தோடு வியப்பும் கலந்துள்ளது. பின்னதில் பழி மட்டுமே உள்ளது.

தக்காணச் சான்று

1875 மே 12 அன்று புனே மாவட்டத்துச் சூபா என்னும் சந்தை ஊரில் உழவர்கள் வட்டிக்கடைக்காரர்களைத் தாக்கிக் கணக்கேடுகளையும் கடன் பத்திரங்களையும் எரித்தனர். கலகம் அகமதுநகர் மாவட்டத்திற்கும் பரவியது. உழவர் கடனுக்குத் திருமணத்திலும் விழாக்களிலும் அவர்கள் செய்யும் மிகுசெலவே காரணம் என்னும் கருத்து அக்காலத்தில் வலுவாக நிலவியது. கலகத்தை ஆராய அமைக்கப்பட்ட குழு 1876இல் அளித்த அறிக்கை, இக்காரணத்திற்கு அளவு கடந்த முதன்மை தரப்பட்டு வந்துள்ளது என்று கண்டது. நிலவரியைக் கலகத்தின் காரணமாக ஏற்காத அக்குழுவே உழவர் மீதான இப்பழியைத் தளர்த்தியது குறிப்பிடத்தக்கது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் (1861-1865) ஏறிய பருத்தி விலை பின்னர் வீழ்ந்ததையும், நிலவரி உயர்த்தப்பட்டதையும் வரலாற்றாசிரியர்கள் காரணங்களாகச் சுட்டுவர். 1879இல் தக்காண உழவர் துயர்தணிப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

குறள் காட்டும் அளவுகோல்

பொருள் வரும் வழி சிறிதாயினும் போகும் வழி விரியாதவரை கேடில்லை என்பது வள்ளுவர் கருத்து (குறள் 478). இங்குச் செலவு தனித்து அளக்கப்படவில்லை. வரவோடு வைத்தே அளக்கப்படுகிறது. இக்குறள் இடம்பெறும் வலியறிதல் அதிகாரம் அரசியலில் அமைந்திருப்பதும் கருதத்தக்கது. அளவறிதல் முதற்கண் ஆள்வோர்க்கு உரைக்கப்பட்ட அறம் என்க.

முடிவுரை

ஊதாரி என்பது ஒருவர் இயல்பைக் கூறும் சொல் போலத் தோன்றினும், வரவையும் செலவையும் ஒப்பிட்ட பின்னரே சொல்லத்தக்க முடிபாகும். தக்காண உழவரின் செலவு எண்ணப்பட்டது. அச்செலவைத் தாங்கவியலாதபடி அவர்தம் வரவு சுருங்கியது ஏன் என்பது போதிய அளவு எண்ணப்படவில்லை. வரவுப் பக்கத்தைப் புரட்டாமல் இச்சொல்லை ஆளும்போது வறுமை குற்றமாகிவிடுகிறது.