ஜெர்டனின் தாவும் எறும்பு: தென்னிந்திய எறும்புகள் அடையாளம் பெற்ற வரலாறு

1851ஆம் ஆண்டு சென்னையில் மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி நடத்திவந்த இதழில், தென்னிந்தியாவில் காணப்படும் எறும்பினங்களின் பட்டியல் ஒன்று வெளியாயிற்று. அதைத் தொகுத்த தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன், 1836 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் மருத்துவராக இருந்தவர்; இந்தியப் பறவைகளைப் பற்றி எழுதிய நூல்களாலேயே இன்று பெரிதும் அறியப்படுபவர். அவருடைய எறும்புப் பட்டியல் பறவை நூல்களின் நிழலில் மறைந்துபோனாலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் வாழும் ஓர் அரிய உயிரினம் அறிவியலுக்கு அறிமுகமானது அதன் பக்கங்களில்தான். நீண்டு மேல்நோக்கி வளைந்த தாடைகளையும் மிகப் பெரிய கண்களையும் உடைய, கலைத்தால் துள்ளித் தாவும் அந்த எறும்புக்கு ஹார்பெக்னேதஸ் சால்டேட்டர் என்று அவர் பெயரிட்டார். நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பெயர் அசையாமல் நிற்கிறது. அதே பட்டியலில் அவர் இட்ட வேறு சில பெயர்களுக்கோ அந்த நிலைபேறு கிடைக்கவில்லை.

எறும்புகளை இனம்பிரித்து அழைப்பது தமிழ்நாட்டில் ஜெர்டனோடு தொடங்கிய வழக்கம் அன்று. கட்டெறும்பு, சிற்றெறும்பு, பிள்ளையார் எறும்பு, இலைகளைச் சேர்த்து மரத்தில் கூடு கட்டும் முசுறு என, உருவையும் கடியையும் இருப்பிடத்தையும் கொண்டு மக்கள் வகுத்த பிரிவுகள் அவற்றோடு ஒரே நிலத்தில் வாழ்வதற்குப் போதுமானவையாக இருந்தன. ஐரோப்பிய வகைப்பாட்டின் தேவை வேறு. கடல் கடந்து போன உலர்ந்த உடலை மட்டுமே பார்க்கும் ஒருவர், அதன் வாழ்வைப் பற்றி ஏதும் அறியாமலேயே, அது எந்த இனம் என்று சொல்லியாக வேண்டியிருந்தது. டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு 1768இல் மருத்துவராக வந்த லின்னேயஸின் மாணவர் யோஹான் கெர்ஹார்டு கோனிக் போன்றோர் செடிகளையும் பூச்சிகளையும் ஐரோப்பாவுக்கு அனுப்பிவந்த காலம் அது. லின்னேயஸின் மற்றொரு மாணவரான ஃபப்ரீசியஸ் 1775இல் முசுறுக்கும் 1787இல் கட்டெறும்புக்கும் அறிவியல் பெயர் சூட்டினார். இரண்டையும் அவர் ஃபார்மிகா என்ற ஒரே பேரினத்தில் வைத்தார். லின்னேயஸ் 1758இல் எல்லா எறும்புகளையும் அடைத்துவைத்த பேரினம் அதுவே.

ஜெர்டனின் காலத்தில் பேரினங்களின் எண்ணிக்கை சற்றுக் கூடியிருந்தது என்றாலும், அவற்றின் எல்லைகள் இன்னும் மங்கலாகவே இருந்தன. சிவந்த மார்பும் கரிய தலையும் கரிய வயிறும் கொண்டு, மரங்களில் வாழ்ந்து, கடுமையாகக் கொட்டும் எறும்பு ஒன்றை அவர் எசிட்டான் என்ற பேரினத்தில் சேர்த்தார். அது இன்று டெட்ராபொனேரா ரூஃபோநைக்ரா என அறியப்படுகிறது. உலகின் வெப்பநாடுகள் பலவற்றிலும் இன்று காணப்படும் ஒரு சின்னஞ்சிறு எறும்பை அவர் ஆட்டா என்று எழுதினார். அது இப்போது மோனோமோரியம் ஃப்ளோரிகோலா. எசிட்டான் என்ற பெயர் இன்று அமெரிக்க வெப்பமண்டலத்தில் படையாகத் திரியும் எறும்புகளுக்கும், ஆட்டா என்ற பெயர் அங்கே இலை வெட்டிச் செல்லும் எறும்புகளுக்கும் மட்டுமே உரியவை. எனவே ஜெர்டன் பிழைசெய்தார் என்று கொள்வது அவருக்கு நீதியாகாது. எறும்பின் உடலில் எந்த உறுப்பு உறவைக் காட்டும், எது வெறும் தோற்ற ஒற்றுமையைக் காட்டும் என்பதை முடிவுசெய்யும் அறிவு அப்போது உருவாகிக்கொண்டுதான் இருந்தது.

அந்த அறிவு பெரும்பாலும் எறும்பின் இடையைச் சுற்றியே வளர்ந்தது. எறும்பின் வயிற்றுப் பகுதியின் முதற் கண்டம் மார்போடு ஒட்டி அதன் பின்பகுதியாகவே ஆகிவிட, இரண்டாம் கண்டம் ஒடுங்கி இடைக்கணு எனப்படும் காம்பாக நிற்கிறது. சில துணைக்குடும்பங்களில் மூன்றாம் கண்டமும் அவ்வாறே ஒடுங்கி, காம்பில் இரண்டு கணுக்கள் அமைகின்றன. டெட்ராபொனேராவுக்கு இரண்டு கணுக்கள் உண்டு. முசுறுக்கும் கட்டெறும்புக்கும் ஒன்றே உண்டு. வயிற்றின் நுனியில் கொடுக்கு இருக்கிறதா, அல்லது அமிலத்தைப் பீச்சும் சிறு வட்டத் துளை இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. தலையைப் பொறுத்தவரை, முழங்கைபோல் மடியும் உணர்கொம்பின் முதற் கணு எவ்வளவு நீளம், மொத்தம் எத்தனை கணுக்கள், தாடையின் உள்விளிம்பில் எத்தனை பற்கள், கூட்டுக்கண் தலையின் எந்த இடத்தில் அமைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றும் கணக்கில் கொள்ளப்பட்டது.

இந்த அளவுகோல்களின் முன் ஹார்பெக்னேதஸை நிறுத்திப் பார்த்தால், அதன் பெயர் ஏன் தப்பிப் பிழைத்தது என்பது விளங்கும். ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள அதன் வேலைக்கார எறும்புக்கு, ஒல்லியான தாடைகள் தலையிலிருந்து நேரே முன்னால் நீண்டு நுனியில் மேல்நோக்கி வளைகின்றன. கண்களோ பெரும்பாலான எறும்புகளில் இருப்பதுபோல் தலையின் பக்கத்தில் நடுவில் அமையாமல், தாடைகளின் அடிப்பகுதியை ஒட்டி முன்மூலைகளுக்கு வந்துவிட்டன. இரையைக் கண்ணால் கண்டு பாய்ந்து பிடிக்கும் வேட்டைக்கு இது உகந்த அமைப்பு. இடையில் ஒரே கணு உண்டு. அதற்குப் பின்னுள்ள வயிற்றிலும் முதல் இரு கண்டங்களுக்கிடையே ஓர் இறுக்கம் உண்டு. நுனியில் கொடுக்கு உண்டு. பிந்திய இரண்டு அடையாளங்களும் பொனரைன் என்ற பெருங்குழுவிற்குப் பொதுவானவை. ஆனால் கண்ணும் தாடையும் சேர்ந்த அந்த முகம், தென்னிந்தியாவின் வேறு எந்த எறும்போடும் குழப்பிக்கொள்ள முடியாதது.

ஜெர்டன் பார்த்த மாதிரிகள் எங்கும் பாதுகாக்கப்பட்டதாகத் தெரியவில்லை என்பதால் இந்தத் தனித்தன்மை பெரும் பொருள் பெறுகிறது. ஒரு பெயர் எந்த உடலுக்கு முதலில் இடப்பட்டதோ அந்த உடலை வகைமாதிரி என்பர். ஐயம் எழும்போதெல்லாம் ஆய்வாளர் திரும்பிச் சென்று பார்ப்பது அதையே. வகைமாதிரி இல்லாத நிலையில் எஞ்சியிருந்தவை ஜெர்டனின் சொற்கள் மட்டுமே. உடல் தனித்தன்மை வாய்ந்ததாக இருந்த இடத்தில் அச்சொற்கள் போதுமானவையாயின. ஒன்றையொன்று ஒத்த சிறு எறும்புகளுக்கு அவர் இட்ட பெயர்கள் சில, எதைக் குறித்தன என்று உறுதிசெய்ய இயலாதவையாயின. எனினும் உயிரோடு திரியும் எறும்பைக் கண்டு எழுதியவர் அவர் என்பதால், லண்டனிலும் வியன்னாவிலும் இருந்து ஊசியில் குத்திய உடல்களை வருணித்தவர்கள் தந்திருக்க முடியாத ஒன்றை அவர் தந்தார்: தாவும் இயல்பு இனத்தின் பெயரிலேயே பதிந்தது. 1858இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஃபிரடெரிக் ஸ்மித் ட்ரெபனோக்னேதஸ் என்று ஒரு பேரினத்தை நிறுவினார். அது ஜெர்டனின் பேரினமே என்று தெளிந்தபின் முந்தைய பெயருக்கே உரிமை கிடைத்தது.

முன்னுரிமை என்னும் இந்த விதி ஜெர்டனுக்கு எதிராகவும் திரும்பியது. நீண்ட கால்களோடு தாறுமாறாக ஓடும் மஞ்சள் எறும்பு ஒன்றுக்கு அவர் ஃபார்மிகா லாஞ்சிபஸ் என்று பெயரிட்டிருந்தார். ஆனால் அதே பெயர் வேறோர் எறும்புக்கு முன்பே இடப்பட்டிருந்ததால் அது செல்லாததாயிற்று. ஸ்மித் 1857இல் இட்ட கிராசிலிபஸ் என்ற பெயரே நிலைத்து, அந்த எறும்பு இன்று அனோப்ளோலெபிஸ் கிராசிலிபஸ் எனப்படுகிறது. கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கு மேற்பட்ட செந்நண்டுகளைக் கொன்றதும், 2022இல் திண்டுக்கல் மாவட்டத்துக் கரந்தமலை அடிவாரக் கிராமங்களை அலைக்கழித்ததும் இந்த எறும்பே. கொடுக்கு இல்லாமை, அமிலத் துளை, உணர்கொம்பில் வழக்கமான 12க்கு மாறாக 11 கணுக்கள், தலையைத் தாண்டி வெகுதூரம் நீளும் முதற் கணு ஆகியவற்றால் அதை அறியலாம்.

ஜெர்டனுக்குப் பிந்தைய தலைமுறையில் பணி பலர் கைக்கு மாறியது. பம்பாய் மாகாணத்து வன அதிகாரி ரோட்டன் சேகரித்து அனுப்பிய எறும்புகளைச் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ஆகஸ்ட் ஃபோரல் ஆராய்ந்து, 1892 முதல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடராக எழுதினார். 1903இல் வெளியான, பிரிட்டிஷ் இந்திய விலங்கினங்களைப் பற்றிய நூல்வரிசைக்காக ராணுவ அதிகாரி பிங்ஹாம் எழுதிய தொகுதி, இரண்டிரண்டு தெரிவுகளைக் கொடுத்துப் படிப்படியாக இனத்தை நோக்கி அழைத்துச் செல்லும் திறவுகோல் அட்டவணைகளால், இந்திய எறும்புகளை இந்தியாவிலிருந்தே அடையாளம் காண வழிசெய்தது. வேறு தொழில் பார்த்துக்கொண்டே இத்தனை நுணுக்கமாக உழைத்த இம்மனிதர்களின் பொறுமை போற்றுதற்குரியது.

தாவும் எறும்பின் வாழ்வு முழுமையாக வெளிப்படத் தொடங்கியது 1990களில்தான். பெங்களூரின் முஸ்தாக் அலியும் ஐரோப்பிய ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட கட்டுரைகளால், அது நடுக்கால்களையும் பின்கால்களையும் ஒரே நேரத்தில் உதைத்துத் தாவுகிறது என்பதும், நிலத்தடிக் கூட்டின் அறைச் சுவர்களில் பழைய கூட்டுப்புழு உறைகளின் துண்டுகளை ஒட்டிவைக்கிறது என்பதும் தெரியவந்தன. அரசி வலுவிழந்தாலோ இறந்தாலோ வேலைக்கார எறும்புகள் உணர்கொம்புகளால் ஒன்றையொன்று அடித்துப் போட்டியிட, வென்றவை முட்டையிடத் தொடங்குகின்றன, அவற்றின் ஆயுள் சில மாதங்களிலிருந்து நான்கு ஆண்டுகள் வரை நீள்கிறது. அவற்றின் மூளை சுருங்குகிறது, மீண்டும் வேலைக்காரியாக்கப்பட்டால் அம்மூளை பழைய அளவுக்கு வளர்கிறது என்று 2021இல் காட்டப்பட்டது. இவை எவையும் அந்த எறும்பின் வெளியுடலில் தென்படுவதில்லை. முட்டையிடுபவளையும் இரை தேடுபவளையும் ஊசியில் குத்தி அருகருகே வைத்தால் பிங்ஹாமின் திறவுகோலில் இரண்டும் ஒரே வரியில் வந்து நிற்கும், வயிற்றைத் திறந்து சூலகத்தைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.