கிளாரண்டன்

தடித்த செரிஃப் (கோட்டு முனைகளில் சிறு நீட்சிகள் கொண்ட) எழுத்துரு. 1845இல் லண்டன் ஃபேன் ஸ்ட்ரீட் எழுத்து வார்ப்பகத்தில் ராபர்ட் பெஸ்லி வெளியிட்டார். எஃகில் எழுத்துகளைச் செதுக்கியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். அதற்கு முந்தைய தடித்த எழுத்துகள் பெரும்பாலும் சுவரொட்டிக்கும் விளம்பரத்துக்கும் உரியவை. புத்தகப் பக்கத்தில் அவை முரட்டுத்தனமாகத் துருத்தி நிற்கும். கிளாரண்டனோ சாதாரண எழுத்தோடு ஒரே வரியில் இணங்கி நின்று, வேண்டிய சொல்லை மட்டும் எடுத்துக்காட்டியது. செரிஃப்கள் கனமானவை, ஆனால் தண்டோடு வளைந்து சேர்பவை. மெல்லிய, தடித்த கோடுகளுக்கிடையே வேறுபாடு குறைவு. அகராதிகளின் தலைச்சொற்களுக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து அன்று இல்லை எனலாம். பெஸ்லி வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் இதைப் பதிவு செய்தார். பாதுகாப்பு மூன்றே ஆண்டுகள். அது முடிந்ததும் பிற வார்ப்பகங்கள் தாராளமாக நகலெடுத்தன. 1953இல் சுவிட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்பகத்துக்காக ஹெர்மன் ஐடன்பென்ஸ் இதைப் புதுப்பித்தார்.