தீயில் தப்பிய வரிக்கணக்கு

அயர்லாந்தில் தம் முன்னோரைத் தேடப் புறப்படுகிறவர்கள், அமெரிக்காவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வருகிற பேரர்களும் கொள்ளுப்பேரர்களும், பெரும்பாலும் ஒரு பெயரை மட்டுமே மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். பாட்டனாருக்குப் பாட்டனார் பாட்ரிக் மர்ஃபி, கார்க் ஜில்லாக்காரர் என்பதோடு அவர்கள் அறிந்த விருத்தாந்தம் முடிந்துவிடுகிறது. மர்ஃபி என்பது அத்தேசத்தில் மிகவும் பெருவாரியாக வழங்கும் குலப்பெயர். பாட்ரிக் என்பதோ அந்நாட்டைக் காக்கும் புனிதருடைய நாமம். இவ்விரண்டையும் துணையாகக் கொண்டு ஒரு மனிதனைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எண்ணுவது வீண் பிரயத்தனம். ஆகையால் டப்ளின் ஆவணக் காப்பகங்களில் பழகியவர்கள் பெயரைக் கேட்டு முடித்த மறு நிமிஷமே, எந்த டவுன்லாண்டு என்று கேட்கிறார்கள்.

டவுன்லாண்டு என்பது அந்நாட்டு நிலப்பிரிவுகளில் மிகச் சிறியது. ஒரு குன்றின் சரிவு, அல்லது ஓடையின் ஒரு கரை, அதை அடுத்த சதுப்பு நிலம், அதில் நாலு குடும்பமோ நாற்பது குடும்பமோ. ஆங்கிலேய ஆட்சி வேரூன்றுவதற்கு வெகு காலம் முன்பிருந்தே வழங்கிவரும் இத்தகைய பிரிவுகள் அத்தீவு முழுவதிலும் 60,000-க்கு மேல் இருக்கின்றன. இவை பல சேர்ந்தது ஒரு பாரிஷ், பாரிஷுகள் சேர்ந்து பாரனி, பாரனிகள் சேர்ந்து ஜில்லா, ஜில்லாக்கள் 32. சர்க்கார் குமாஸ்தா எந்தக் கணக்கை எழுதினாலும் இந்த வரிசைக்கிரமப்படியேதான் எழுதினான். ஆகவே டவுன்லாண்டின் பெயர் தெரியாதவன், எத்தனை கிளைகளோடு வம்சாவளியை வரைந்துகொண்டு வந்தாலும், ஏடுகளுக்கு முன்னே செய்வதறியாமல் நிற்க வேண்டியதுதான்.

இப்படி மனிதனை விட்டு மண்ணைப் பற்றிக்கொண்டு தேட நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1867-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பிரகாரம், லிஃபி நதிக்கரையில் ஃபோர் கோர்ட்ஸ் என்னும் நீதிமன்றக் கட்டிடத் தொகுதிக்குள், அயர்லாந்து தேசத்துத் தஸ்தாவேஜுகள் அனைத்தையும் ஓரிடத்தில் சேர்த்துப் பாதுகாக்க ஒரு காப்பகம் நிறுவினார்கள். அதன் நிர்வாகத்தை முதன்முதலில் ஏற்றவர் கவிஞர் ஸாமுவேல் ஃபெர்கஸன். ஏடுகள் இருந்த மண்டபத்துக்கும் வாசகர் அமரும் கட்டிடத்துக்கும் நடுவே, தீப்பிடித்தால் பரவாதிருக்கும் பொருட்டு, இடைவெளி விட்டுக் கட்டியிருந்தார்கள். வெளியிலிருந்து வரும் தீக்கு அஞ்சி அவ்வளவு ஜாக்கிரதையாகக் கட்டிய அந்தத் தொகுதியில், 1922-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், இங்கிலாந்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையை ஏற்காத படையினர் புகுந்து வெடிமருந்தோடு தங்கிவிட்டனர். ஜூன் 28-ஆம் தேதி புதிய சர்க்காரின் பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. 30-ஆம் தேதி பெருவெடிப்பும் அதைத் தொடர்ந்த நெருப்புமாக ஏழு நூற்றாண்டுத் தஸ்தாவேஜுகள் சாம்பலாயின. கருகிய காகிதத் துண்டுகள் டப்ளின் நகரத்தின்மேல் காற்றில் பறந்து விழுந்தனவாம். அக்காப்பகத்தில் உத்தியோகம் பார்த்த ஹெர்பர்ட் வுட் என்பவர், அங்கே இன்னின்ன இருக்கின்றன என்று விளக்கமாக ஒரு வழிகாட்டி நூலை 1919-இல்தான் வெளியிட்டிருந்தார். மூன்றே வருஷத்தில் அது அந்தப் பொக்கிஷத்துக்குச் சரமசுலோகமாக ஆகிவிட்டது.

1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு கானேஷுமாரிகளின் மூல ஏடுகள் அங்கே அழிந்தன. சில ஜில்லாக்களின் சிதறல்கள் மட்டும் மிஞ்சின. நம் கால்டுவெல் பிறந்த ஆன்ட்ரிம் ஜில்லாவின் 1851-ஆம் வருஷ ஏடுகளில் சில அவ்வாறு மிஞ்சியவை. ஆனால் அவருடைய பெற்றோர் அதற்கு வெகு முன்பே ஸ்காட்லாந்துக்குத் திரும்பிவிட்டனர். எல்லாப் பழியையும் அந்த ஜூன் மாதத்து நெருப்பின் தலையில் சுமத்துவது வழக்கமாகிவிட்டது, அது நியாயமன்று. 1861, 1871 கானேஷுமாரி ஏடுகளைச் சர்க்காரே, கூட்டல் தொகைகளை எடுத்துக்கொண்ட பின் வேண்டாமென்று அழித்துவிட்டது. 1881, 1891-ஆம் வருஷத்தவை முதல் உலக யுத்த காலத்தில் கூழாக்கப்பட்டன. பீரங்கியின் உதவியின்றி, மேஜையருகே அமர்ந்து கையெழுத்திட்டே செய்த நாசம் இது. ஆகவே, முழுமையாகக் கிடைக்கும் முதல் கானேஷுமாரி 1901-ஆம் வருஷத்தது. அதற்கு முந்தின நூற்றாண்டில், அதாவது உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பத்து லட்சம் பேர் மாண்டு, அதற்கு மேலும் பலர் கப்பலேறிய அந்த நூற்றாண்டில், ஜனங்களைக் குடும்பம் குடும்பமாக எண்ணிய ஏடுகள் ஏறத்தாழ ஒன்றும் இல்லை. அவர்களை வரி செலுத்துவோராக எண்ணிய ஏடுகள் இருக்கின்றன.

அந்த வரி விதிப்பதற்கு முதலில் ஒரு படம் வேண்டியிருந்தது. 1824-இல் தாமஸ் கோல்பி என்ற ராணுவப் பொறியாளர் தலைமையில் தொடங்கிய சர்வே, ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில், தீவு முழுவதையும் டவுன்லாண்டு எல்லைகளோடு ஏறக்குறைய இரண்டாயிரம் தாள்களில் வரைந்து 1846-இல் முடிந்தது. ஒரு தேசம் முழுவதையும் அவ்வளவு விரிவாக வரைந்த காரியம் அதற்கு முன் எங்கும் நடந்ததில்லை. வெயிலில் உலோகம் நீண்டு அளவு பிழையாகாதபடி பித்தளையையும் இரும்பையும் இணைத்துக் கோல்பி செய்த அளவுகோல்களைக் கொண்டு, லாக் ஃபாயில் கரையில் அடிக்கோடு அளந்தார்கள். சில வருஷங்களுக்குள் ஜார்ஜ் எவரெஸ்ட் அவ்வகைக் கோல்களையே இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். பரங்கிமலையில் 1802-இல் லாம்டன் சங்கிலி பிடித்துத் தொடங்கிய பெருஞ்சர்வே பிற்பாடு அவற்றைக்கொண்டு நடந்தது. அயர்லாந்து சர்வேயில் ஊர்ப்பெயர்களை விசாரிக்க அமர்த்தப்பட்டவர்களில் ஜான் ஓடானவன் என்ற பண்டிதர் ஜில்லா ஜில்லாவாக நடந்து, கிழவர்களிடம் பெயர்களை உச்சரிக்கச் சொல்லிக் கேட்டு, பழஞ்சுவடிகளோடு ஒத்துப்பார்த்து எழுதினார். அவர் தீர்மானித்த எழுத்துக்களிலேயே இன்றும் அப்பெயர்கள் வழங்குகின்றன. கப்பலேறிப் போன குடியானவன் தன் ஊர்ப்பெயரைக் காதால் கேட்டு அறிந்தவனே அன்றி எழுத்தில் பார்த்து அறியாதவனாதலால், பாஸ்டன் நகரத்துக் கல்லறையில் காணும் எழுத்துக்கள் படத்திலுள்ள எழுத்துக்களோடு ஒத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாகாது.

படத்தைத் தொடர்ந்து வந்தது மதிப்பீடு. ரிச்சர்ட் கிரிஃபித் என்பவரின் மேற்பார்வையில் 1847 முதல் 1864 வரை ஒவ்வொரு பகுதியாக அச்சாகி வெளிவந்த அந்த ஜாபிதாவில், நிலம் அல்லது வீடு வைத்திருந்த பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் காணப்படுகின்றன. அனுபவிப்பவர் இன்னார், அவருக்குக் குத்தகைக்கு விட்டவர் இன்னார், இத்தனை ஏக்கர், இத்தனை ரூட், இத்தனை பெர்ச், நிலத்துக்கு இவ்வளவு பவுன், கட்டிடத்துக்கு இவ்வளவு ஷில்லிங் என்று ஒரே வரியில் எழுதி, அவ்வரியின் முன்னே ஓர் எண்ணையும் இட்டார்கள். அந்த எண் சர்வே படத்தில் அந்த நிலத்தின்மேலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரே டவுன்லாண்டில் இரண்டு ஜான் மர்ஃபிகள் இருந்தால், தகப்பன் பெயரையோ, சிவந்த தலைமயிர்க்காரன் என்பது போன்ற ஊர் வழக்கையோ பக்கத்தில் எழுதிப் பிரித்துக் காட்டினார்கள். மனைவி மக்கள், வயது, மதம், ஜீவனோபாயம் ஒன்றும் அங்கே கிடையாது. வரி விதிப்பவனுக்கு அவை எதற்கு? ஆயினும் தன் கொள்ளுப்பாட்டன் உழுத வயலின் வரப்பு எங்கே திரும்பியது என்பது வரையில் ஒருவன் அறிந்துகொள்ளலாம் என்றால், வேறு எத்தனை தேசத்து ஏழைகளின் சந்ததியாருக்கு அந்தப் பாக்கியம் கிடைத்திருக்கிறது?

என் அபிப்பிராயத்தில், அச்சான அந்த ஜாபிதாவைக் காட்டிலும் சுவாரஸ்யமானவை, அதற்குப் பின் வருஷந்தோறும் திருத்திவந்த கையெழுத்துப் புஸ்தகங்கள். அனுபவிப்பவர் மாறும்போதெல்லாம் பழைய பெயரை அடித்துப் புதிய பெயரை எழுதுவார்கள். ஒரு வருஷத்துத் திருத்தத்தை மற்றொரு வருஷத்ததிலிருந்து பிரித்தறிய மையின் நிறத்தையும் மாற்றுவார்கள். தகப்பன் பெயர் அடிபட்டு விதவையின் பெயர் ஏறினால் ஏறத்தாழ அந்த வருஷத்தில் அவன் மாண்டிருக்கிறான். அவள் பெயர் போய் மூத்த மகன் பெயர் வந்தால் அவனுக்குக் கலியாணம் நடந்திருக்கலாம். முற்றிலும் அந்நியப் பெயர் ஏறினால் அந்தக் குடும்பம் கப்பலேறிவிட்டது என்று ஊகிக்கலாம். 1903-ஆம் வருஷத்து விண்டாம் சட்டம் முதலானவற்றின் பயனாகக் குத்தகைக் குடிகள் நிலத்தை விலைக்கு வாங்கியபோது, நிலச்சுவான்தாரின் பெயர் இருந்த கட்டத்தில் சொந்த பாத்தியதை என்ற குறிப்பு விழுகிறது. ஒரு பரம்பரையின் சரித்திரமே, மரணம், வாரிசுரிமை, கைமாற்றம் எல்லாம், வரிக் குமாஸ்தாவின் அடித்தல் திருத்தல்களிலேயே அடங்கிக் கிடக்கிறது.

இனி வயதைப் பற்றிய ஒரு விநோதம். 1909-ஆம் வருஷத் தொடக்கத்திலிருந்து, எழுபது வயது நிரம்பிய ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை உபகாரச் சம்பளம் என்று சட்டம் வந்தது. ஆனால் எல்லாப் பிரஜைகளின் பிறப்பையும் பதிவு செய்யும் ஏற்பாடு அயர்லாந்தில் 1864-இல்தான் ஆரம்பமாயிற்று. கத்தோலிக்கக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளோ பல பங்குகளில் காலந்தாழ்த்தித் தொடங்கியவை. எழுபது வயதுக் கிழவி தன் வயதை எப்படி நிரூபிப்பாள்? 1839-ஆம் வருஷம் ஜனவரி 6-ஆம் தேதி இரவு அத்தீவையே குலுக்கிய பெரும் புயல் ஒன்று அடித்திருந்தது. பெருங்காற்று ராத்திரி என்று அதைச் சொல்வார்கள். அன்றிரவு எனக்கு நினைவு தெரிந்த வயது என்று சாட்சியம் சொல்லப் பலர் முன்வந்தனர். 1901-இல் ஐம்பத்தைந்து என்று எழுதியவர் 1911-இல் எழுபது என்று எழுதியிருப்பதைக் கானேஷுமாரியில் காண்கிறவர்கள் திகைக்க வேண்டியதில்லை. அந்தப் பதினைந்து வயதின் ரகசியம் வாரம் ஐந்து ஷில்லிங்.

நினைவை நம்பாத உத்தியோகஸ்தர்கள் டப்ளின் காப்பகத்துக்கு எழுதி, அப்போது அழியாமல் இருந்த 1841, 1851 ஏடுகளில் தேடச் சொன்னார்கள். விண்ணப்பதாரரின் பெற்றோர் பெயர், டவுன்லாண்டு, பாரிஷ், பாரனி எல்லாம் குறித்த படிவங்களில், ஏட்டில் கண்டதைக் குமாஸ்தாக்கள் எழுதியனுப்பினார்கள். மூல ஏடுகள் 1922-இல் போய்விட்டன. இப்படிவங்கள் பல தங்கிவிட்டன. பன்னிரண்டு வயதுப் பெண்ணாகத் தன் பெற்றோரோடு 1851-இல் எண்ணப்பட்ட ஒருத்தியின் குடும்பத்தைப் பற்றிய தகவல், அவள் கிழவியாகி ஐந்து ஷில்லிங்குக்கு மனுச் செய்தாள் என்ற ஒரே காரணத்தால் நமக்குக் கிடைக்கிறது. 2022-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் முயற்சியால், அழிந்த காப்பகத்தை உலகெங்கும் சிதறிக்கிடந்த பிரதிகளைக் கொண்டு மின்வடிவில் மீண்டும் எழுப்பி எல்லோருக்கும் திறந்துவைத்தார்கள்.

இவ்வளவிலும் அகப்படாதவர்கள் உண்டு. சொந்தக் குத்தகை இன்றி, மற்றொரு குடியானவனின் வயலோரத்தில் மண்குடிசை போட்டுக்கொண்டு, ஒரு பருவத்துக்கு மட்டும் கிழங்கு நடத் துண்டு நிலம் பெற்று வாழ்ந்த கூலிகளின் பெயர் பெரும்பாலும் கிரிஃபித்தின் ஜாபிதாவில் ஏறவில்லை. பஞ்சத்தில் முதலில் மாண்டவர்களும் அவர்களே. நான்கு பவுனும் அதற்குக் குறைந்தும் மதிப்புள்ள நிலங்களுக்குரிய ஏழைநிதி வரி நிலச்சுவான்தாரைச் சேர்ந்தது என்ற விதியே, சிறு குடிகளை வெளியேற்றிவிடுவது லாபம் என்ற புத்தியைப் பல பிரபுக்களுக்கு உண்டாக்கிற்று. ராஸ்காமன் ஜில்லா ஸ்ட்ரோக்ஸ்டவுனில், மேஜர் டெனிஸ் மஹன் என்பவரின் பண்ணையில், குடிகளை ஏழை விடுதியில் வைத்துச் சோறு போடுவதைவிடக் கனடாவுக்குக் கப்பலேற்றிவிடுவது செலவு குறைவு என்று மானேஜர் கணக்கிட்டுக் காட்டினார். அதன்படி 1847-ஆம் வருஷம் மே மாதத்தில் 1,490 பேர் ராயல் கால்வாய்க் கரையோரமாக டப்ளினுக்கு நடத்திச் செல்லப்பட்டு, லிவர்பூல் துறைமுகத்திலிருந்து நான்கு கப்பல்களில் க்யூபெக்குக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் கரை சேராதவர் பலர். அவ்வருஷம் நவம்பரில் மேஜரும் சுட்டுக் கொல்லப்பட்டார். கிரிஃபித்தின் ஜாபிதாவில் இடம் பெறாத அக்குடும்பங்களைத் தேடி இன்று கனடாவிலிருந்து வருகிறவர்கள், அந்தப் பண்ணை மாளிகையில் எஞ்சியிருந்த கணக்குக் கட்டுகளைத்தான் புரட்டுகிறார்கள்.